பூட்டுப் பாட்டு

காய்கறிக் கடையில் அவள் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒருத்தியின் போனில் ஒரு பாட்டு ஓடியது. எடுத்த தக்காளியைக் கூடையில் போடாமல் அவள் அப்படியே நின்றுவிட்டாள். அது அவள் புருஷன் குரல்.

பூட்டுனியா புள்ளே, பூட்டுனியா?
பூட்டைப் புடிச்சு ஓர் ஆட்டு ஆட்டுனியா?
பாதி வழி போயிப் பதறுறியே,
பழையபடி படி ஏறுறியே!

போன்காரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தராசுக்குப் பின்னாலிருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை போடும்மா. என் சம்சாரத்துக்குன்னே பாடின மாதிரி இருக்கு. அவ கேஸை மூடினேனா மூடினேனான்னு என் உயிரை எடுப்பா."

"யாரு பாடினதோ தெரியலண்ணே. வீட்டுக்காரிகிட்ட நல்லா மாட்டிக்கிட்டு முழிக்கிற ஆளு போல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளும் ஒப்புக்கு உதட்டை இழுத்துவிட்டு, காசைக் கொடுத்துப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த வீட்டுக்காரி நான்தான் என்று சொல்லலாமா என்று கடை தாண்டும்வரை வாய் துருதுருத்தது. பெருமையா கூச்சமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அவள் வேலை பார்ப்பது ஒரு மெத்தைப் பட்டறையில். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஆனால் மற்றவர்களுக்கு ஒரு பங்கு என்றால் அவளுக்கு அது மூன்று பங்கு. கதவைப் பூட்டுவாள், பூட்டை இழுத்துப் பார்ப்பாள், படி இறங்கித் தெருமுனை வரைக்கும் வந்துவிடுவாள். அங்கே கால் தயங்கும். பூட்டினேனா? பூட்டினதைக் கண் பார்த்திருக்கிறது, சாவி இடுப்பில் உறுத்துகிறது. நெஞ்சு மட்டும் நம்பாது. திரும்பி நடப்பாள். படியேறி, பூட்டைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினால்தான் மூச்சு சீராகும். சில நாள் மறுபடியும் தெருமுனையிலிருந்து திரும்புவாள். மழை நாளில் குடையோடு, மகளுக்குக் காய்ச்சல் வந்த நாளில் மாத்திரைச் சீட்டோடு, எப்படியானாலும் திரும்புவாள்.

புருஷன் தெருமுனையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பட்டறை வாசலில் அவளை இறக்கிவிட்டுத்தான் அவர் தன் வேலைக்குப் போவார். திட்ட மாட்டார், மணி பார்க்க மாட்டார். அவள் திரும்பி நடக்கிற முதுகைப் பார்த்து அந்தப் பாட்டில் ஒரு வரியை மெதுவாக எடுத்துவிடுவார். அவள் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் அடுத்த வரி. சிரித்துக்கொண்டே வந்து பின்சீட்டில் உட்காருவாள். இப்படித்தான் வருஷக்கணக்காக அவர்கள் வீட்டில் பொழுது விடிந்தது.

அவரை எல்லோரும் பெயிண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சுவருக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, இரண்டு கை வர்ணம் அடிக்கிற வேலை. சாரத்தில் ஏறி நின்றுவிட்டால் அவருக்குப் பாட்டு வந்துவிடும். யாரோ எழுதின பாட்டெல்லாம் இல்லை. எல்லாம் அவர் வாயில் அப்போதைக்கப்போது முளைத்தது. ஈர வர்ணத்தில் கால் வைத்த காக்காய்க்கு ஒரு பாட்டு, சிமெண்டு சுமக்கிறவர் காதலித்துத் தோற்றதற்கு ஒரு பாட்டு. சாயந்திரம் கீழே இறங்கும்போது அவருக்கே ஒன்றும் ஞாபகமிருக்காது. மறக்காமல் நின்றது பூட்டுப் பாட்டு ஒன்றுதான். தினமும் பாடினதால் நின்றது.

பெயிண்டரின் மேஸ்திரி வீட்டில் கல்யாணம். வரவேற்பு நடந்த மண்டபத்தில் கச்சேரிக்காரர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து யாரோ மைக்கைக் கொண்டுவந்து பெயிண்டர் கையில் திணித்தார்கள். "சாரத்துல பாடறதை இங்க பாடுய்யா, நாங்களும் கேக்கறோம்" என்று ஒரே கூச்சல். அவர் திருதிருவென்று முழித்தார். கூட்டத்தில் எங்கோ மூன்றாவது வரிசையில் பெண்டாட்டி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவளைப் பார்த்துக்கொண்டே அந்தப் பாட்டை ஆரம்பித்துவிட்டார். கூட்டத்துக்காகப் பாடவில்லை, பாவம். பயத்தில் தெரிந்த முகத்தைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகள் போனைத் தூக்கி, அப்பாவையும் எடுத்தாள், அம்மாவையும் எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் அதை ஊருக்கே அனுப்பிவிட்டாள்.

அப்புறம் அது யார் கையிலும் நிற்கவில்லை.

பட்டறையில் முதலில் எல்லாம் குஷியாகத்தான் இருந்தது. அவள் ஓட்டுவது ஓரம் தைக்கிற மெஷின். ஸ்பாஞ்சை உள்ளே வைத்து, மேல்துணி அடித்துணி இரண்டையும் சேர்த்துப் பிடித்து, நாடா வைத்து நாலு பக்கமும் சுற்றித் தைக்க வேண்டும். மெத்தை நகராது, மெஷின்தான் சுற்றி வரும், கூடவே அவளும் சுற்றி வருவாள். மூலை திரும்புகிற இடத்தில் துணி சுருங்காமல் திருப்புவதில்தான் சாமர்த்தியம். மூலை என்றாலே அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்பாஞ்சுத் தூள் தலைமுடியில், புருவத்தில், சோற்றில் என்று எல்லா இடத்திலும் ஒட்டும். பசை வாசனை மூக்கை விட்டுப் போகாது.

பாட்டு வந்த பிறகு அவளுக்குப் பூட்டக்கா என்று பேர் வந்தது. கூட வேலை செய்கிற கண்ணாடிக்காரி வைத்த பேர். பட்டறையை நடத்துகிற முதலாளியம்மா, எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, வண்ணக் காகிதம் சுற்றின ஒரு பெரிய பூட்டைப் பரிசாகக் கொடுத்தார். கை தட்டினார்கள். அவளும் வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

கிண்டல் ஒரு நாள் இரண்டு நாள் என்றால் இனிக்கும். தெருமுனையில் அவள் திரும்பும்போது டீக்கடை பெஞ்சே பாட ஆரம்பித்தது. முன்னெல்லாம் அவள் திரும்புவதை யாரும் கவனித்ததுகூட இல்லை. இப்போது நாலு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். "இன்னிக்கு ரெண்டு தடவை போவாங்க பாரு" என்று பந்தயம். அவள் திரும்பாமல் போய்விடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பட்டறை வரைக்கும் போனாள். அன்றைக்கு மத்தியானம்வரை நாடா கோணிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் சோற்றைத் தொடாமல் வீட்டுக்கு ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனாள். நன்றாகத்தான் பூட்டியிருந்தது.

பெயிண்டர் தெருமுனையில் பாடுவதை நிறுத்திக்கொண்டார். நாலு பேர் முன்னால் அவருக்கு வாய் வரவில்லை.

இதற்கிடையில் மண்டபத்தில் வாசித்த அந்தக் கச்சேரிக்காரர் பாட்டைத் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டார். டிரம்ஸ் போட்டு, வேகத்தைக் கூட்டி, பெண் குரலில் ஒரு சிணுங்கலும் சேர்த்து, மேடை மேடையாகப் பாடினார். பெயிண்டர் பாடினதில் கடைசி இரண்டு வரி மந்தமாக இருக்கிறது என்று வெட்டிவிட்டு, தானே இரண்டு வரி கட்டிச் சேர்த்தார்.

அதை அவள் கேட்டது பட்டறை ரேடியோவில். பெரிய இரட்டை மெத்தை ஒன்றுக்கு மூன்றாவது மூலை திருப்பிக்கொண்டிருந்தாள். டிரம்ஸ் சத்தம் கேட்டதுமே கண்ணாடிக்காரி "பூட்டக்கா, ஒங்க பாட்டு" என்று ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். புதிதாகச் சேர்த்த வரிகள் வந்தன.

உள்ளே பூட்டி வெச்சது யாரையாம்?
ஊருக்குத் தெரியாத பேரையாம்!

விசில் பறந்தது. துணி வெட்டுகிற மாஸ்டர் கத்தரியை மேசையில் தட்டித் தாளம் போட்டார். "அதானே, யாருக்கா உள்ள? பெயிண்டர் அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கண்ணாடிக்காரி கண் சிமிட்டிக் கேட்டாள்.

மெஷின் ஊசி படக்கென்று முறிந்தது. அவள் மெத்தை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஊசி முறிந்ததற்காகப் பயந்துவிட்டாள் என்று நினைத்து, "பரவால்லக்கா, வேற ஊசி இருக்கு" என்றார் மாஸ்டர். அவள் சோற்றுப் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனாள்.

அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, அடுப்படியில் வேலை இருக்கிற மாதிரியே எதையாவது துடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஷேர் ஆட்டோ போனால் கை நின்றுவிடும். பாட்டு இல்லாத ஆட்டோ என்று தெரிந்த பிறகு மறுபடி துடைப்பாள்.

ஒரு சாயந்திரம் மகள் கல்லூரியிலிருந்து வந்து பையை வீசிவிட்டு அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பருப்பு வெந்துகொண்டிருந்தது. பெயிண்டர் வேலை முடிந்து வந்து, பின்கட்டில் பிரஷ்களை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு ஒனக்கு? காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. பட்டறையிலேருந்து போன் மேல போன் வருது. எடுக்கவும் மாட்டேங்கறே."

"போகப் புடிக்கல."

"பாட்டுக்காகவா? நீ சந்தோஷப்படணும்மா. எங்க கிளாஸ்ல எல்லாரும் ஒங்கம்மாவை ஒரு தடவை பார்க்கணும்னு சொல்றாங்க."

"எதுக்குப் பார்க்கணும்? நான் என்ன கண்காட்சியா?"

"ஐயோ, அது ஒரு தமாஷும்மா. எல்லா வீட்லயும் நடக்கறதுதானே? நீயே அன்னிக்கு சிரிச்சியே. வேணா வீடியோவுல பாரு, வாயைப் பொத்திக்கிட்டு விழுந்து விழுந்து சிரிக்கறே."

"ஆமா, சிரிச்சேன். அவர் எனக்குப் பாடினார், நான் சிரிச்சேன். ஊருக்கு என்ன வந்துச்சு?"

"அப்ப மைக்ல பாடறப்பவே சொல்லியிருக்கணும். இப்ப எம்மேல எரிஞ்சு விழுந்தா?"

"ஒம்மேல யாரு எரிஞ்சு விழுந்தா?"

"பின்ன? நாலு நாளா என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசறியா நீ? சரி, அந்தப் புது வரி அசிங்கமாதான் இருக்கு, ஒத்துக்கறேன். அதை எழுதின ஆளை நாக்கைப் புடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்கலாம். அதுக்குன்னு தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பியா? நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. நீ இப்படி ஓடி ஓடி வந்து பூட்டைப் பார்க்கறதை நிறுத்து. பாட்டு தன்னால செத்துப்போகும். நம்ம வீட்ல அப்படி என்னதான் இருக்கு தொலைஞ்சுபோக? ஒரு பழைய பீரோவும் நாலு பாத்திரமும்."

"வாயை மூடுடி!"

பின்கட்டு வாசலில் பெயிண்டர் நின்றிருந்தார். கையிலிருந்த பிரஷிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டித் தரையில் விழுந்தது. பெற்ற மகளை அவர் ஒரு நாளும் டி போட்டுத் திட்டினதில்லை. மகள் வெலவெலத்துப் போனாள்.

"நான் என்னப்பா தப்பாச் சொல்லிட்டேன்?"

"தொலைஞ்சு போறதுக்கு என்ன இருக்குன்னு கேக்கறியே..." என்று தொடங்கினவர் பெண்டாட்டியைப் பார்த்தார்.

அவள் பருப்புப் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். அடுப்பை அணைத்தாள். அணைத்துவிட்டோமா என்று குனிந்து பார்த்தாள். பிறகு மகளைப் பார்க்காமல், பாத்திரத்தைப் பார்த்தே சொன்னாள்.

"ஒனக்கு முன்னால ஒருத்தன் இருந்தான்."

அப்போது அவர்கள் வேறொரு தெருவில், மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். பையனுக்கு இரண்டு வயசு நடந்துகொண்டிருந்தது. பெயிண்டர் வேலைக்குப் போய்விட்டார். பையன் தூங்குகிறான் என்று அவள் துவைத்த துணியை வாளியில் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு உலர்த்தப் போனாள். கதவை வெளியே தாழ் போட்டதாகத்தான் நினைத்தாள். இன்றைக்கும் கண்ணை மூடினால் தாழ்ப்பாளை இழுத்த கை தெரிகிறது. ஆனால் கதவு திறந்துதான் கிடந்தது. பையன் எழுந்திருக்கிறான், கதவைத் தள்ளியிருக்கிறான், ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியிருக்கிறான். கீழே தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. லாரிக்காரர் மேல் தப்பில்லை. அவ்வளவு சின்ன உருவம் எந்தக் கண்ணாடியில் தெரியும்?

அவர்கள் அந்தத் தெருவை விட்டு வந்தார்கள். மகள் பிறந்த பிறகு, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் பெயிண்டர் கேட்டுக்கொண்டார், வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று. யாரும் எடுக்கவில்லை. அப்புறம் அவர்கள் இரண்டு பேரும்கூட எடுக்கவில்லை. பையன் பேரை வாய்விட்டுச் சொல்லி வருஷங்கள் ஆகிவிட்டன.

பையன் போன புதிதில் அவள் அறையை விட்டு இறங்கவே மாட்டாள். இறங்கினால் திரும்பி ஓடுவாள். ஓடிவந்து பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், உள்ளே யாருமே இல்லை என்று தெரிந்தும். பெயிண்டர் கெஞ்சினார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "நான்தான் பூட்டினேன், என் கையால பூட்டினேன், போதுமா?" என்று தெருவில் வைத்துக் கத்தினார். அப்புறம் இருவருக்கும் பேச்சே நின்றுபோனது.

தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், மூன்றாம் தடவையாக அவள் திரும்பிப் போய்ப் படியேறினாள். கீழே ஒரு கடையின் கூரை ஒதுக்கில் நின்றிருந்த பெயிண்டருக்கு என்ன தோன்றியதோ, "பாதி வழி போயிப் பதறுறியே, பழையபடி படி ஏறுறியே" என்று வாயில் வந்துவிட்டது. வந்தபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் படியில் அப்படியே நின்றாள். திரும்பிப் பார்த்தாள். இன்றைக்கு எல்லாம் முடிந்தது என்று அவர் நினைத்தார். அவள் சிரித்துவிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. சிரித்த வேகத்தில் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவரும் ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். பேச்சு நின்றபிறகு அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

மற்ற வரிகள் அதற்கப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கச்சேரிக்காரர் மந்தம் என்று வெட்டினது இந்த இரண்டு வரிகளைத்தான்.

போயிட்டு வாடி, நான் நிக்கிறேன்,
போற பொழுதைப் புடிச்சு வெக்கிறேன்.

மற்றவர்களுக்கு அது பெண்டாட்டியைக் கேலி பண்ணுகிற பாட்டு. அவளுக்கு அது பற்றிக்கொண்டு நடக்க ஒரு கை. போய்ப் பார்த்துக்கோ, நான் இங்கேயே இருக்கிறேன் என்று முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் அவளால் தெருமுனையைத் தாண்ட முடிந்தது. வேலைக்குப் போக முடிந்தது. இன்னொரு பிள்ளையைப் பெற்று, கல்லூரி வரைக்கும் கொண்டுவர முடிந்தது.

இதையெல்லாம் அவள் அன்றைக்கு மகளிடம் சொல்லவில்லை. ஒருத்தன் இருந்தான், கதவு திறந்திருந்தது, போய்விட்டான் என்று நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். மகள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து அழுதாள். போனை எடுத்து அந்த வீடியோவை அழித்தாள். அதனால் என்ன ஆகப்போகிறது? அது இப்போது யார் யார் போனிலோ இருந்தது.

"கிளம்புங்க" என்றாள் அவள் புருஷனைப் பார்த்து.

"எங்க?"

"அந்த ஆளைப் பார்க்கணும்."

கச்சேரிக்காரரின் ஒத்திகைக் கொட்டகை ஒரு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டையை ஒட்டியிருந்தார்கள். தலைக்கும் மீசைக்கும் கறுப்பு மை அடித்த மனுஷர், வாசலில் இவர்களைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தார்.

"வாங்க வாங்க பெயிண்டரே! ஒங்க வீடு தெரியாம எத்தனை பேரை விசாரிச்சேன் தெரியுமா? ஒங்களை மேடையேத்தி ஒரு மரியாதை பண்ணணும்னு நம்ம பசங்க எல்லாம் ஆசைப்படறாங்க. இவங்க...?"

"என் சம்சாரம்."

"அடேயப்பா! நீங்கதானா அது! அக்கா, ஒங்க புண்ணியத்துலதான் நாங்க எல்லாம் இந்த வருஷம் வயிறாரச் சாப்பிடறோம். டேய், டீ சொல்லுடா. அக்கா, ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"அந்தக் கடைசி வரி யாரு எழுதினது?" என்றாள் அவள்.

"எது, உள்ளே பூட்டி வெச்சது யாரையாமா? நாந்தாங்க்கா. சும்மா ஒரு கிண்டலுக்கு. ஜனங்க அந்த எடத்துலதான் விசிலடிக்கறாங்க."

"யாருன்னு கேட்டிருக்கீங்கல்ல. சொல்லட்டுமா?"

அவர் அதற்கும் சிரித்தார். அவள் சொன்னாள். நின்றபடியே, குரல் ஏறாமல் இறங்காமல், மளிகைச் சாமான் சொல்கிற மாதிரி சொன்னாள். பையன் பேரையும் சொன்னாள். பெயிண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு முட்டை அட்டையைப் பார்த்தார். மூலையில் டிரம்ஸைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் குச்சியை மடியில் வைத்துவிட்டார்.

கச்சேரிக்காரர் ஒரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது."

"தெரியாதுன்னு தெரியும். தெரிஞ்சிருந்தா யாரு எழுதுவா?"

"நான் இனிமே பாடல. எந்த மேடையிலயும் பாடல. இது போதுமா சொல்லுங்க." மீசையை நீவிக்கொண்டே சொன்னார். "ஆனா ஒங்ககிட்டப் பொய் சொல்லக் கூடாது. நான் நிறுத்தினா என் வாய்தாங்க்கா நிக்கும். நாலு குழு இதைப் பாடுது. ஆட்டோவுல ஓடுது. எங்க வீட்ல என் பேத்தி, இத்தனூண்டு இருக்கு, அது இதைப் பாடினாத்தான் பால் குடிக்குது. இதை நான் எங்கேன்னு போய்ப் புடிச்சுக்கிட்டு வர்றது?"

அவளுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபத்தோடுதான் வந்தாள், வந்த இடத்தில் அதைப் போட ஆள் இல்லை. டீ வந்தது. குடித்துவிட்டே வந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பெயிண்டர் சொன்னார். "நானும் இனிமே பாடல. சாரத்துலகூடப் பாடல. இந்த வாயால வந்த வினைதானே எல்லாம்."

அவள் பின்சீட்டைப் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பினாள். தெருமுனையில் கால் தயங்கித் திரும்பியபோது டீக்கடை பெஞ்சு பாடியது. பக்கத்தில் பெயிண்டர் உதட்டை இறுக்கிக்கொண்டு சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஊர் முழுக்கப் பாடுகிறது, பாட வேண்டிய வாய் மட்டும் மூடிக்கொண்டுவிட்டது என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. பாடுங்கள் என்று கேட்கவும் முடியவில்லை.

பட்டறைக்கு அவளுக்கு முன்னாலேயே சேதி போய்ச் சேர்ந்திருந்தது. டிரம்ஸ்காரரின் தங்கை மாஸ்டருக்குத் தெரிந்த பெண். இவள் பட்டறைக்குள் நுழைந்ததும் யாரோ ரேடியோவைப் பட்டென்று அணைத்தார்கள். பசை வாசனைக்கு நடுவே எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்த்தார்கள். கண்ணாடிக்காரி பக்கத்தில் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

"அக்கா, நான் பாவி. அன்னிக்கு என்ன பேச்சுப் பேசிட்டேன்."

"விடு."

"நீங்க வேணும்னா மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வாங்க. ஒங்க மெஷினை நான் பார்த்துக்கறேன். தினமும் வேணும்னாலும் போய்ட்டு வாங்க."

"நீ மூலையைத் திருப்பினா மெத்தை தலகாணியாயிடும். நீ ஒன் வேலையைப் பாரு" என்றாள் அவள். கண்ணாடிக்காரி அழுதுகொண்டே சிரித்தாள். ஆனால் மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இந்த மௌனம் விசிலைவிட மோசமாக இருந்தது அவளுக்கு.

சாப்பாட்டு நேரத்தில் முதலாளியம்மா வந்து தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் பூட்டைத் திருப்பிக் குடுத்துடும்மா. எனக்கு ராத்திரி தூக்கமே வரல" என்றார்.

"நல்ல பூட்டும்மா அது. வாசலுக்கு அதைத்தான் போட்டிருக்கேன்" என்றாள் அவள். முதலாளியம்மா அவள் தலையிலிருந்த ஸ்பாஞ்சுத் தூளைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரம் இப்படியே போனது. பாட்டு ஓயவில்லை. மகள் வீட்டில் பூனை மாதிரி நடந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள். பெயிண்டர் ஒரு பள்ளிக்கூடச் சுவர் முழுவதும் வாய் திறக்காமல் அடித்து முடித்தார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு உடம்புக்கு ஏதோ என்று நினைத்தார்கள்.

விடுமுறை நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் வீட்டுக்குள் இருந்தார்கள். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பெயிண்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து நகக்கண்ணில் ஏறியிருந்த பச்சை வர்ணத்தைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார். மகள் வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் ஒரு வெங்காயத்தை எடுத்தாள். அதை உரிக்காமல் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா."

"ம்."

"அண்ணன் எப்படி இருப்பான்?"

அண்ணன். இரண்டு வயசிலேயே நின்றுபோன பிள்ளைக்கு இவ்வளவு பெரிய தங்கை. அந்தப் பையனை அந்த முறை சொல்லி யாருமே இதுவரைக்கும் கூப்பிட்டதில்லை. ஜன்னலோரத்தில் குச்சி நின்றது.

பையன் என்று நினைத்தால் அவளுக்கு அந்தக் கடைசி நாள்தான் வரும். படி வரும், லாரி வரும், கூட்டம் வரும். அதற்கு முந்தின நாட்கள் எல்லாம் அந்த ஒரு நாளுக்குப் பின்னால் மறைந்து கிடந்தன. வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒதுக்கிப் பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"குண்டா இருப்பான்" என்றாள். "ஒன்னை மாதிரி இல்ல. ஒனக்கு ஊட்டறதுக்குள்ள பொழுது போயிடும். அவன் தட்டையே தின்னுடுவான்."

"பேசுவானா?"

"பேச்சா? வாய் ஓயாது. கதவைத் தட்டறதுன்னா அவனுக்கு உசுரு. அவனே உள்ளேருந்து கதவைத் தட்டுவான். தட்டிட்டு அவனே கேப்பான், யாயுன்னு."

"யாயுவா?"

"யாருன்னு வராது அவனுக்கு. யாயும்பான். நாம பதில் சொல்லணும். நான்தான்டா அம்மான்னு சொல்லணும். பக்கத்துலயே நிப்பேன், என்னைப் பார்த்துக்கிட்டே கேப்பான், யாயுன்னு."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கலாமா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. வெங்காயமும் இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"யாயு இல்ல" என்றார் பெயிண்டர், ஜன்னலைப் பார்த்தபடியே.

"என்ன?"

"யாலும்பான். யாலு."

"யாயுங்க. எனக்குத் தெரியாதா?"

"நீ உள்ளே இருப்பே. நான் வேலை முடிஞ்சு வந்து வெளியில நின்னு தட்டுவேன். எனக்குத்தான் நல்லாக் கேக்கும். யாலு."

"நீங்க காலையில போனா பொழுது சாய்ஞ்சுதான் வருவீங்க. நாள் முழுக்கக் கேட்டவ நான். என்கிட்டயே வந்து சொல்றீங்களே."

"நாள் முழுக்கக் கேட்டா காது மரத்துப் போயிருக்கும். நான் ஒரு தடவை கேட்டாலும் சரியாக் கேப்பேன். பாட்டுக் காது எனக்கு."

"ஆமா, பெரிய பாட்டுக் காது!"

மகள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இவ்வளவு உரக்க அவர்கள் எதற்கும் சண்டை போட்டு அவள் பார்த்ததில்லை. பெயிண்டர் குச்சியைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, அவர்கள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"சரி, ஏதோ ஒண்ணு" என்றாள் மகள். "பதில் சொன்னதும் என்ன பண்ணுவான்?"

"பதில் சொன்னதுமா?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.